திரும்பி வராத விமானத்தில் இருந்தவருக்கு என்ன ஆயிற்று?

கேள்வி இதுதான்: "இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் போய்த் திரும்பாத ஒருவரின் பெயர் நினைவுச் சுவரில் இருக்கிறது. கல்லறை இல்லை. என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பெயரைக் கல்லில் வெட்டியதோடு நினைவுகூர்தல் முடிந்ததா? எண்பது வருடம் கழித்து இனி ஏதாவது தெரியவருமா?"

தெரியவரும். எல்லோர் விஷயத்திலும் இல்லை, ஆனால் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேர் விஷயத்தில். பெயரைக் கல்லில் வெட்டும் வேலையை அரசாங்கங்கள் 1950களிலேயே பெரும்பாலும் முடித்துவிட்டன. என்ன நடந்தது என்று துருவும் வேலை இன்றுவரை முடியவில்லை. என்னைக் கேட்டால், இப்படிப் போனவர்களை நினைவுகூர்வதில் பெரும்பகுதி இந்தத் துருவல்தான். மலர்வளையம், எக்காளம், இரண்டு நிமிட மௌனம் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் விமானப் படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. நூற்றுக்கு நாற்பத்து நாலு பேர். விமானக் குழுவினர் அத்தனை பேரும் தாமாக முன்வந்தவர்கள். யாரையும் கட்டாயப்படுத்தி விமானத்தில் ஏற்றவில்லை. பிரிட்டனைத் தவிர கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து, கரீபியன் தீவுகள் என்று பல இடங்களிலிருந்து வந்தார்கள். பெரும்பாலும் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள். ஒரு சுற்று என்றால் முப்பது பயணம். அதை முடித்தால் ஓய்வு. முப்பதை எட்டுவதற்குள் பலருடைய கணக்கு முடிந்துவிடும்.

லங்காஸ்டர் விமானத்தில் வழக்கமாக ஏழு பேர்: விமானி, விமானப் பொறியாளர், வழி கணிக்கும் நேவிகேட்டர், குண்டு போடுபவர், வயர்லெஸ் ஆபரேட்டர், முதுகுக் கோபுரத்தில் ஒரு துப்பாக்கி வீரர், வால் கோபுரத்தில் இன்னொருவர். இந்தக் குழுவை மேலதிகாரி யாரும் பட்டியல் போட்டுச் சேர்ப்பதில்லை. பயிற்சி நிலையத்தில் ஒரு பெரிய கொட்டகைக்குள் எல்லோரையும் விட்டு, நீங்களே ஆள் பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். முகத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, "எங்களோடு வருகிறாயா?" என்று கேட்டுச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஒருவருக்கு என்ன ஆனது என்று தேடினால் மற்ற ஆறு பேரின் கதையும் கூடவே வந்துவிடும். தேடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விமானம் விடியும்வரை திரும்பவில்லை என்றால் தளத்தில் அதற்கென ஒரு நடைமுறை இருந்தது. பொறுப்பானவர்கள் வந்து கட்டிலருகே இருந்த பெட்டியைத் திறந்து, உடைமைகளைப் பட்டியல் எடுத்து மூட்டை கட்டுவார்கள். வீட்டுக்குப் போனால் தாய் மனம் புண்படும் என்று தோன்றும் கடிதங்களை ஒதுக்கிவிடுவதும் உண்டு. மூட்டைகள் கோல்ன்புரூக் என்ற இடத்தில் இருந்த மத்தியக் கிடங்குக்குப் போய், அங்கிருந்து குடும்பத்துக்குச் சேரும். அதற்கு முன்பே வீட்டுக்குத் தந்தி போயிருக்கும்: இன்ன இரவு நடந்த தாக்குதலில் உங்கள் மகன் காணாமற்போயிருக்கிறார். பின்னாலேயே படைப்பிரிவுத் தலைவரின் கடிதம். அதன் பிறகு பல மாதம் ஒன்றும் வராது. சிறைப்பட்டிருக்கலாம், பிரான்சில் யார் வீட்டுப் பரணிலாவது ஒளிந்திருக்கலாம் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருப்பார்கள். சில வீடுகளில் அது உண்மையாகவும் ஆனது. மற்ற வீடுகளுக்கு, ஆறு மாதம் போல கழிந்ததும், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று இன்னொரு தாள் வரும். "கருதப்படுகிறார்" என்ற அந்த நிலையிலேயே எத்தனையோ அம்மாக்கள் கண்ணை மூடினார்கள்.

வால் கோபுரத்தில் உட்கார்ந்தவரின் நிலைமையைச் சற்று விளக்க வேண்டும். கண்ணாடியும் உலோகமும் சேர்ந்த ஒரு கூண்டு அது. நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். குளிருக்கு மின்சாரத்தால் சூடேறும் உடை. மற்ற ஆறு பேரும் விமானத்தின் முன்பாதியிலும் நடுவிலும் இருக்க, இவர் மட்டும் கடைசியில், பின்னோக்கிப் பார்த்தபடி, எட்டு ஒன்பது மணி நேரம் தனியாக இருப்பார். பாராசூட்டை வைக்கக் கூண்டுக்குள் இடமில்லை. அது வெளியே, விமானத்தின் உடற்பகுதியில் மாட்டியிருக்கும். தப்ப வேண்டுமானால் கோபுரத்தை நேராகத் திருப்பி, பின்கதவைத் திறந்து, கையை நீட்டிப் பாராசூட்டை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். கோபுரம் கோணலாக நின்றுவிட்டால் கதவு திறக்காது. கோபுரத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் விசை இடப்பக்க வெளி எஞ்சினிலிருந்து வருகிறது. அந்த எஞ்சின் போனால் கையால் சுற்றித்தான் திருப்ப வேண்டும்.

முன்னால் இருந்தவர்களுக்கும் வழி லேசானதாக இல்லை. பாம்பர் கமாண்டின் ஆய்வுப் பிரிவில் இளைஞராக வேலை பார்த்த இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் பின்னாளில் இதை வெளிப்படையாகச் சொன்னார்: இன்னொரு வகைக் குண்டுவீச்சு விமானமான ஹாலிஃபாக்ஸின் தப்பும் துளையைவிட லங்காஸ்டரின் துளை இரண்டு அங்குலம் குறுகல், சுடப்பட்ட லங்காஸ்டரிலிருந்து உயிரோடு வெளியேறியவர்களின் விகிதமும் அதற்கேற்பக் குறைவு. கனத்த உடையும் பாராசூட்டும் மாட்டிக்கொண்டு, இருட்டில், சுழன்று விழும் விமானத்தில் இரண்டு அங்குலம் என்பது உயிர். துளையை அகலமாக்கக் கடைசிவரை ஆகவில்லை.

ஒரு மனிதரின் கதையை எடுத்துக்கொள்வோம். பெயர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. கனடாவின் வினிபெக் நகரில், போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1916இல் பிறந்தவர். பதினாறு வயதில் அப்பா இறந்துவிட, தோல் வெட்டும் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கியவர். 1941இல் கனடிய விமானப் படையில் சேர்ந்தார். வயர்லெஸ் பயிற்சியில் மோர்ஸ் குறிகள் கைவரவில்லை, துப்பாக்கி வீரராக்கினார்கள். இங்கிலாந்தின் வடக்கே மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் தளத்தில் இருந்த 419ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய குழுவின் வால் துப்பாக்கி வீரர் பேட் பிராஃபி. இருவரும் நெருங்கிய நண்பர்கள். பிராஃபி அதிகாரி அந்தஸ்தில் இருந்தவர், மைனார்ஸ்கி அப்படி இல்லை. அதனால் இரவில் பிரியும்போதெல்லாம் மைனார்ஸ்கி விறைப்பாக நின்று சல்யூட் வைத்து, "குட் நைட், சார்" என்று கேலி செய்வார். கடைசிப் பயணத்துக்குச் சற்று முன்புதான் அவருக்கும் அதிகாரி பதவி வந்தது.

1944 ஜூன் 12 இரவு. நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜெர்மானியர்களுக்குத் தளவாடம் போய்ச் சேராமல் தடுக்க, பிரான்சில் காம்பிரே ரயில் முனையத்தைத் தகர்க்கும் பணி. இந்தக் குழுவுக்கு அது பதின்மூன்றாவது பயணம். இலக்கை அடையும்போது தேதியும் 13 ஆகிவிடும். புறப்படும் முன் புல்தரையில் காத்திருந்தபோது மைனார்ஸ்கி க்ளோவர் என்ற புல்வெளிச் செடியின் நாலு இலைத் தண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். அது கிடைப்பது அதிர்ஷ்டம் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. அதைப் பறித்து நண்பனிடம் கொடுத்தார்.

பிரான்சின் மேலே ஒரு ஜங்கர்ஸ் 88 இரவுப் போர்விமானம் கீழிருந்து வந்து சுட்டது. இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் போயின. இறக்கையில் தீ, உடற்பகுதியிலும், முதுகுக் கோபுரத்துக்கும் வால் கோபுரத்துக்கும் நடுவே, ஹைட்ராலிக் எண்ணெய் பற்றி எரிந்தது. குதிக்கச் சொல்லி விமானி உத்தரவு கொடுத்தார். மைனார்ஸ்கி தன் இடத்தைவிட்டு இறங்கிக் கதவருகே வந்துவிட்டார். குதித்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார். அந்த நேரம் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிராஃபியின் கோபுரம் கோணலாகச் சிக்கி நின்றது. கையால் சுற்றும் பிடி கழன்று பிராஃபியின் கையோடு வந்துவிட்டது.

மைனார்ஸ்கி தீயின் ஊடே தவழ்ந்து போனார். சுவரில் இருந்த கோடரியை எடுத்துக் கோபுரத்தை நெம்பினார், அசையவில்லை. கோடரியைப் போட்டுவிட்டு வெறுங்கையால் இழுத்தார். எண்ணெய் தோய்ந்த உடை இடுப்புக்குக் கீழே எரியத் தொடங்கியிருந்தது. பிராஃபி உள்ளிருந்து தலையை ஆட்டி, போய்விடு என்று கையைக் காட்டினார். மறுபடி மறுபடி காட்டிய பிறகே மைனார்ஸ்கி நகர்ந்தார். அப்போதும் நண்பனுக்கு முதுகைக் காட்டவில்லை. தீக்குள் பின்னோக்கியே தவழ்ந்து கதவுக்குப் போய், நிமிர்ந்து நின்று, எரியும் உடையோடு சல்யூட் வைத்தார். உதடு அசைந்தது. எஞ்சின் இரைச்சலில் காதில் எதுவும் விழவில்லை. ஆனால் என்ன சொன்னார் என்று பிராஃபிக்குத் தெரியும். பிறகு குதித்தார். பாராசூட்டும் எரிந்துகொண்டிருந்தது. கீழே பிரெஞ்சுக்காரர்கள் கண்டெடுத்தபோது உயிர் இருந்தது. சில மணி நேரத்தில் தீக்காயத்தால் இறந்துபோனார். வயது 27.

இதற்குப் பிறகு நடந்ததை யாராவது கதையாக எழுதியிருந்தால் நம்பமாட்டோம். விமானி இல்லாமல், குண்டுகளோடு, பிராஃபியை வாலில் சுமந்தபடி அந்த லங்காஸ்டர் தரையில் மோதியது. இறக்கை மரத்தில் அடிபட்டு விமானம் சுழன்றதில் வால் கோபுரம் பிய்த்துக்கொண்டு போய் பிராஃபியை வெளியே எறிந்தது. அவருக்குச் சொல்லும்படியான காயம்கூட இல்லை. பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தினர் மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். குழுவின் ஏழு பேரில் ஆறு பேர் பிழைத்தார்கள்; இருவர் சிறைப்பட்டார்கள், நால்வர் பிடிபடாமல் தப்பினார்கள். இறந்தது மைனார்ஸ்கி ஒருவர்தான். அவர் இறந்த செய்தியே பிராஃபிக்கு அந்த ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்து திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

வானத்தில் அந்தச் சில நிமிடங்கள் நடந்ததைப் பார்த்த கண் உலகத்தில் ஒரே ஜோடிதான் இருந்தது. விமானி ஆர்ட் டி பிரெய்ன் முன்பக்கம் இருந்தவர். அவருக்கு எதுவும் தெரியாது. போர் முடிந்து சந்தித்தபோது பிராஃபி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அவர்தான் முயற்சி எடுத்து மேலிடத்துக்கு எழுதினார். 1946 அக்டோபரில் மைனார்ஸ்கிக்கு வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. பிரான்சில் மெஹாரிகூர் என்ற சிற்றூரின் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. வினிபெக்கில் அவர் பெயரில் பள்ளிக்கூடம், மானிடோபாவில் ஏரிகள், பழைய தளத்தருகே 2005இல் வைத்த சிலை. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது கனடாவின் ஹாமில்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் லங்காஸ்டர். 7,377 லங்காஸ்டர்கள் கட்டப்பட்டன. இன்று பறக்கும் நிலையில் வைத்துப் பேணப்படுபவை இரண்டுதான். அதில் ஒன்று மைனார்ஸ்கியின் விமானத்து எழுத்துகளைத் தாங்கி நிற்கிறது. 2014இல் அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்துவரை போய்வந்தது.

பிராஃபி பிழைத்திருக்காவிட்டால்? மைனார்ஸ்கி கருகிய உடலாகக் கிடைத்த இன்னொரு துப்பாக்கி வீரர். கல்லறை இருந்திருக்கும், பெயர் இருந்திருக்கும். கோடரியும் வெறுங்கையும் சல்யூட்டும் யாருக்கும் தெரிந்திருக்காது. 55,573 பேரில் இப்படிப் பார்த்தவர் யாரும் மிஞ்சாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். ஏழு பேரும் ஒன்றாகப் போன விமானங்களில் என்ன நடந்தது என்று சொல்ல ஆளே இல்லை. படைப்பிரிவின் பதிவேட்டில் அந்த இரவுக்கு எதிரே ஒரு வரி மட்டும் இருக்கும்: புறப்பட்ட பின் தகவல் எதுவும் இல்லை. பதக்கம் பெற்றவர்களைப் பற்றி மட்டும் படித்துவிட்டு வீரம் அத்தனையும் அங்கேதான் இருந்தது என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்குக் காரணம் இது.

நமக்குப் பக்கத்துக் கடலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே காலையில் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் அமைத்திருந்த ஓடுபாதையிலிருந்து 11ஆம் ஸ்குவாட்ரனின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் கப்பற்படையைத் தேடிப் புறப்பட்டன. துணைக்குப் போர்விமானம் ஒன்றுகூட இல்லை. ஒன்பது விமானங்கள் கப்பல்களை எட்டிக் குண்டு போட்டன, ஒன்றும் படவில்லை. ஐந்து திரும்பவில்லை. பிளென்ஹைமில் மூன்று பேர். ஆகப் பதினைந்து பேர் வங்காள விரிகுடாவோடு போனார்கள். பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அந்தக் கப்பற்படையை விமானங்கள் ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்தாக்கியது அதுவே முதல் தடவை. இந்தப் பகுதியில் கல்லறை இல்லாமல் போன விமானப் படையினருக்கான சுவர் சிங்கப்பூரில், கிராஞ்சியில் இருக்கிறது. அங்கே போகும் நம்மவர்கள் கொஞ்ச நேரம் நின்று அந்தப் பெயர்களைத் தேடிப் பார்க்கலாம்.

கல்லறை உள்ளவர்களின் கல்லறை எப்படி வந்தது என்பது தனிக்கதை. போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப் படையின் கணக்கில் சுமார் 42,000 பேர் காணாமற்போனவர்கள். அவர்களைத் தேட ஒரு தனிப் பிரிவு அமைத்தார்கள். சில நூறு பேர், பலரும் முன்னாள் விமானப் படையினர், ஐரோப்பா முழுக்க ஜீப்பில் சுற்றினார்கள். ஊர்த் தலைவர், பாதிரியார், வெட்டியான், போலீஸ்காரர் என்று ஒவ்வொருவராக விசாரித்தார்கள்: எந்த இரவு, எந்தப் பக்கமிருந்து வந்து விழுந்தது, எத்தனை உடல், எங்கே புதைத்தீர்கள்? தேவைப்பட்டால் தோண்டினார்கள். சட்டைக் கழுத்தின் அளவு, சலவைக் குறி, மோதிரம், பல், எஞ்சினில் அடித்திருந்த எண், துப்பாக்கியின் வரிசை எண் என்று எதையும் விடவில்லை. எந்தத் துப்பாக்கி எந்த விமானத்தில் பொருத்தப்பட்டது என்ற ஏடு இங்கிலாந்தில் இருந்தது. சூடேற்றும் கம்பி ஓடிய உடையின் ஒரு துண்டு கிடைத்தால் அவர் துப்பாக்கி வீரர். சிறகுச் சின்னத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்தால் அவர் செய்த வேலை தெரியும். ஏழு பேரில் ஐந்து பேரை இப்படிப் பிரித்துவிட்டால் மிச்சம் இரண்டு பேர் யார் என்பது கழித்தல் கணக்கு. காணாமற்போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இப்படி ஒரு கல்லறையும் பெயரும் கிடைத்தது. போரில் குண்டு வீசியதைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. இந்தத் தேடலைப் பற்றி வெகு குறைவு. பெரிய அநியாயம் என்று எனக்குப் படுகிறது.

பிரிக்கவே முடியாத நிலையில் கிடைத்தவர்களை ஒன்றாகப் புதைத்தார்கள். ஐரோப்பிய இடுகாடுகளில் ஆறேழு வெள்ளைக் கற்கள் இடைவெளியே இல்லாமல் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைப் பார்த்தால், அது ஒரே விமானக் குழு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக யாருக்கும் அனுமதி இல்லை. அதிகாரிக்கும் சார்ஜென்ட்டுக்கும் ஒரே அளவுக் கல். கல்லின் அடியில் குடும்பம் விரும்பும் ஒரு சிறு வரியைப் பொறிக்கலாம்.

எதுவுமே கிடைக்காதவர்களுக்கு லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதியைப் பார்த்த குன்றின் மேல் ரன்னிமீட் நினைவிடம். 1953 அக்டோபரில் இரண்டாம் எலிசபெத் ராணி திறந்துவைத்தார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். நூர் இனாயத் கானின் பெயரும் அங்கேதான் இருக்கிறது. உளவுப் பணிக்காகப் பிரான்சுக்குப் போய் தாக்காவ் முகாமில் கொல்லப்பட்ட இந்திய வம்சாவளிப் பெண். நம் ஊர் நடுகல்லில் பெயரோடு கூட, ஆநிரை மீட்டு விழுந்தானா, புலியைக் குத்திப் பட்டானா என்பதையும் செதுக்கி வைப்பார்கள். ரன்னிமீடில் ஆண்டு, பதவி, பெயர், அத்தோடு சரி. அதைக் குறை என்று சொல்ல முடியாது. செதுக்கத் தகவல் இருந்திருந்தால் பாதிப்பேர் அந்தச் சுவரிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

சுவரிலிருந்து இறங்கி வருபவர்களும் உண்டு. நெதர்லாந்து அரசாங்கம் தன் ஏரிகளிலும் வயல்களிலும் புதைந்திருக்கும் விமானங்களில், குழுவினரின் எச்சங்கள் இருக்க வாய்ப்புள்ளவற்றை அரசுச் செலவில் தோண்டி எடுக்கிறது. மார்க்கர்மேர் ஏரியில் 2008இல் ஒரு மீட்புப் படகின் நங்கூரத்தில் விமானத் துண்டு சிக்கியது. ஸ்டர்லிங் வகைக் குண்டுவீச்சு விமானம் அது. முதலில் அதை வேறொரு ஸ்டர்லிங் என்று நினைத்தார்கள். பிறகு ஒரு சிகரெட் பெட்டியில் இருந்த முதலெழுத்துகள் அந்த எண்ணத்தை மாற்றின. அது 1943 மார்ச் இறுதியில் பெர்லின் தாக்குதலுக்குப் போய்த் திரும்பாத, பிகே716 என்ற எண் கொண்ட விமானம் என்று தெரிந்தது. 2020இல் சேற்றோடு சேர்த்து அள்ளி, சலித்து, எச்சங்களைப் பிரித்து எடுத்தார்கள். பெல்ஜியத்தில் ஹெரார்ட்ஸ்பெர்கன் அருகே சதுப்பு நிலத்தில் 1944 மே மாதம் புதைந்த எல்டபிள்யூ682 என்ற ஹாலிஃபாக்ஸை 1997இல் தோண்டினார்கள். எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஐந்து பேருக்கு ஏற்கெனவே அந்த ஊரில் கல்லறை இருந்தது. காணாமற்போயிருந்த மூன்று பேர் உள்ளேயே இருந்தார்கள். அவர்களை மற்ற ஐவரின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அந்த விமானத்தின் அலுமினியம் லண்டன் கிரீன் பார்க்கில் 2012இல் திறந்த பாம்பர் கமாண்ட் நினைவகத்தின் கூரையாக இருக்கிறது. உள்ளே வெண்கலத்தில் ஏழு பேர், அப்போதுதான் பயணம் முடிந்து இறங்கியவர்கள் போல் நிற்கிறார்கள்.

அந்த நினைவகம் எழ ஏன் அறுபத்தேழு வருடம் ஆனது? ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. இவர்கள் சுமந்து போன குண்டுகள் ரயில் நிலையங்கள் மேல் மட்டும் விழவில்லை. 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் தீப்புயலில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் 25,000 பேர் வரை. பெரும்பாலும் பொதுமக்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் இந்தச் சங்கடத்திலிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள். உத்தரவு போட்டவர்களின் சங்கடத்துக்கு விலை கொடுத்தது பறந்தவர்கள்: தனிப் பதக்கம் கிடையாது, பதக்க நாடாவில் செருகும் ஒரு சிறு பட்டையே 2013இல்தான் வந்தது. கிரீன் பார்க் கல்வெட்டில் குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களையும் சேர்த்துக் குறிப்பிட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 2018இல் திறந்த சர்வதேச பாம்பர் கமாண்ட் மையமும் அப்படித்தான். சுவர்களில் ஏறக்குறைய 58,000 பெயர்களும், உள்ளே கீழே இருந்தவர்களின் கதைகளும் இருக்கின்றன. ஜெர்மனியின் ரூசெல்ஸ்ஹைமில் 1944 ஆகஸ்டில் ஊர்மக்கள் ஆறு அமெரிக்க விமானப் படையினரைத் தெருவில் அடித்தே கொன்றார்கள். அதே ஊர் 2004இல் அவர்களுக்கு நினைவுச்சின்னம் வைத்தது. இந்த விஷயத்தில் யாருக்கும் சுத்தமான கை கிடையாது. அதற்காக இருபது வயதுப் பையன் ஒருவனுக்கு என்ன ஆனது என்று கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை.

இனி, நீங்கள் என்ன செய்யலாம் என்பது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் பெயரைத் தேடினால் சேவை எண், இறந்த தேதி, பெரும்பாலும் ஸ்குவாட்ரன் எண்ணும் கிடைக்கும். அவற்றை வைத்து லிங்கன் மையத்தின் இழப்புப் பட்டியலைத் திறங்கள். அதில் இல்லாதவர்கள் அபூர்வம். விமானத்தின் எண்ணும் கூட இருந்தவர்களின் பெயர்களும் வந்துவிடும். மற்ற ஆறு பேர் எங்கே அடக்கமாகியிருக்கிறார்கள் என்று பாருங்கள், முன்னே சொன்ன வசதி இங்கேதான். நாலு பேர் ஒரே கிராமத்து இடுகாட்டிலும் மூன்று பேர் ரன்னிமீட் சுவரிலும் இருந்தால் விமானம் அந்தக் கிராமத்தருகே தரையிலோ சேற்றிலோ விழுந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் மட்டும் நெதர்லாந்து, டென்மார்க் கரைகளில் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் கடலில் விழுந்து உடல்கள் ஒதுங்கியிருக்கின்றன. ஏழு பேரும் சுவரில் என்றால் பெரும்பாலும் கடல்தான்.

அடுத்தது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். ஸ்குவாட்ரன் பதிவேடுகள் அங்கே ஏர் 27 என்ற வரிசையில் இருக்கின்றன: எத்தனை மணிக்குப் புறப்பட்டது, இலக்கு எது, குழுவில் யார் யார். குழுவில் ஆஸ்திரேலியர் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ705 என்ற வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. பலவற்றை வீட்டிலிருந்தே காசில்லாமல் படிக்கலாம். உயிர் தப்பியவர்களின் வாக்குமூலம், தேடல் பிரிவின் அறிக்கை, தாயார் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே கட்டில் இருக்கும். நீங்கள் தேடுபவர் ஆங்கிலேயராக இருந்தாலும், கூட இருந்த ஆஸ்திரேலியரின் கோப்பில்தான் அவருடைய முடிவு எழுதியிருக்கும். கனடியர்களின் கோப்புகளும் இப்படியே பயன்படும்.

ஜெர்மானிய இரவுப் போர்விமானிகள் சுட்டு வீழ்த்தியதாகக் கோரிய பட்டியல்களும் கிடைக்கின்றன. நேரத்தையும் இடத்தையும் பொருத்திப் பார்த்து "இன்னார்தான் சுட்டது" என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அப்படியே நம்ப வேண்டாம். 1944 மார்ச் 30 இரவு நூரம்பெர்க் தாக்குதலில் மட்டும் 95 விமானங்கள் திரும்பவில்லை. அப்படிப்பட்ட இரவில் சில நிமிட இடைவெளியில், பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பல விமானங்கள் விழுந்தன. "இருக்கலாம்" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் விமானம் விழுந்த இடங்கள் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை; அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். மற்ற நாடுகளிலும் உலோகத் துண்டு பொறுக்குபவர்களிடமிருந்து எதையும் வாங்காதீர்கள்.

ஊரின் பெயர் தெரிந்துவிட்டால் அந்த ஊர் நகராட்சிக்கோ வரலாற்றுச் சங்கத்துக்கோ எழுதுங்கள். நெதர்லாந்து, பெல்ஜியம், வடபிரான்சு ஊர்களில் இதையே வேலையாகச் செய்யும் ஆர்வலர் ஒருவராவது பெரும்பாலும் இருப்பார். விழுந்த தேதி, விமான எண், குழுவினர் பெயர்கள் மூன்றையும் முதல் கடிதத்திலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டில் அவருடைய படம் இருந்தால் அதையும் அனுப்புங்கள். அவர்களிடம் அந்தக் குழுவின் கல்லறைப் படங்கள் இருக்கும், முகங்கள் பெரும்பாலும் இருக்காது.